அட்டையில் இருக்கும் ஆள்

பத்து மணிக்கு இங்வில் ஃபோன் எடுப்பாள். இப்போது எட்டரை. அதற்குள் கதவடியிலிருந்து தெரு வரைக்கும் பனியை வழித்துவிட வேண்டும், வழிக்கிற சாக்கில் முடிவையும் எடுத்துவிட வேண்டும். முடிவு எடுத்தாயிற்று என்றுதான் இருந்தேன், காலையில் ஆரணி ஃபோன் எடுத்து அதைக் கலைத்துப் போட்டாள். "அம்மா, அட்டையில இருந்து அப்பாட பேரை எடுக்காதேங்கோ. காரணம் இருக்கு, இப்ப சொல்ல நேரமில்லை, முதல் ஆள் கதிரையில வந்து படுத்திட்டார். ஒன்பதரைக்குப் பிறகு எடுக்கிறன். அதுக்குள்ள இங்வில்லோட ஒண்டும் கதைச்சுப் போடாதேங்கோ." சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். என் மகள் த்ரொம்சோவில் பல் வைத்தியர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மறுமொழி சொல்ல முடியாத ஆட்களோடேயே நாள் முழுக்கப் பேசுகிறவள், என்னோடும் அப்படித்தான். பனி முழங்கால் அளவு நிற்கிறது, மேலே மெத்து, கீழே கல், பனி அள்ளும் சவலைக் குத்தினால் பாதியில் நின்றுவிடுகிறது. என்னுடைய ஒன்பதாவது புத்தகம் இன்றைக்கு அச்சுக்குப் போகிறது. உள்ளே இருக்கும் இருநூற்றுப் பத்துப் பக்கமும் போய்விட்டது, அட்டை மட்டும் நிற்கிறது. அட்டையில் என் பெயருக்குப் பக்கத்தில் அந்த இன்னொரு பெயர் இருக்க வேண்டுமா வேண்டாமா என்று நான் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. இங்வில் ஒஸ்லோவில் என் பதிப்பாசிரியை, இருபத்தெட்டு வருடமாக என் வசனங்களை வெட்டிக்கொண்டிருப்பவள். நான் கேட்டால் அவள் ஒரு கிழமைகூடப் பொறுப்பாள், அச்சுக்கூடம் பொறுக்காது.

பவளராணி தேவகுலசிங்கம். ஐந்து நாவலிலும் மூன்று கவிதைத் தொகுதியிலும் அப்படித்தான் இருக்கிறது. பவளராணி நான். தேவகுலசிங்கம் யார் என்று கேட்டால் நோர்வேக்காரர் சிரிப்பார்கள், அதுவும் நீதானே, உன் குடும்பப் பெயர் அல்லவா என்பார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர். எண்பத்தேழாம் ஆண்டு, நோர்வேக்கு வந்த புதிது, எனக்கு இருபத்துநாலு வயது, கலியாணம் கட்டி நாலு மாதம். பொலிஸ் நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பொன்மீசைக்காரர் படிவத்தை வைத்துக்கொண்டு முதற்பெயர் என்றார், சொன்னேன். குடும்பப் பெயர் என்றார். ஊரில் கட்டினவள் எப்படி எழுதுவாளோ அப்படியே கட்டினவரின் பெயரைச் சொன்னேன். பக்கத்துக் கண்ணாடியில் அவர் தன் குடும்பப் பெயர் என்று தகப்பனின் பெயரைச் சொன்னார், கந்தப்பு. ஆகவே கடதாசியில் அவர் தேவகுலசிங்கம் கந்தப்பு, நான் பவளராணி தேவகுலசிங்கம். பொன்மீசைக்காரர் இரண்டு படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நீங்கள் இரண்டு பேரும் உண்மையாகவே கணவன் மனைவிதானா என்று கேட்டார். இன்றைக்கு யோசித்தால் கெட்டிக்காரக் கேள்வி. இந்த ஊர்க்காரரின் குடும்பப் பெயர் பாட்டன் பூட்டனுடையதாக இருக்கும், இல்லாவிட்டால் ஒரு காலத்தில் அவர்கள் இருந்த பண்ணையின் பெயராக இருக்கும். என் புத்தகத்தில் இருப்பதோ ஒரு ஆள். குறட்டை விடுகிற, கறியில் உப்புக் காணாது என்கிற, கால் நகத்தை வரவேற்பறையில் வெட்டுகிற ஒரேயொரு ஆள். பிறகு பிறந்த ஆரணிக்கும் தகப்பன் பெயர் என்ற முறையில் அதுவே விழுந்தது. இங்வில்லுக்கு இதெல்லாம் போன மாதம்தான் தெரியும். அது உன் முன்னாள் கணவனின் சொந்தப் பெயரா, என்றாள். ஓம், அவனை வீட்டில் கூப்பிடுகிற பெயர், என்றேன்.

எதிர்வீட்டு அர்னே தன் பனி ஊதும் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். நாற்பது வருடம் கடலில் நின்ற மனுசன், இப்போது பனியில்தான் வலை வீசுகிறார். "தள்ளி நில், ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருகிறேன். நீ போய்க் காப்பி போடு." "வேண்டாம் அர்னே, நானே செய்கிறேன்." "உன் தோள்?" "தோள் இருக்கிறது." "பிடிவாதக்காரி." "அது சரி." இந்த மொழியில் எல்லாருக்கும் நீதான், அரசனுக்கு மட்டும் ஏதோ விலக்கு. வந்த புதிதில் மீன் தொழிற்சாலையின் மேற்பார்வையாளரை நீ என்று கூப்பிட நாக்கு வராமல் ஒரு மாதம் இருமி இருமியே கூப்பிட்டேன், அந்த மனுசர் எனக்குச் சளி என்று நினைத்துத் தேன் வாங்கித் தந்தார். அர்னே போகாமல் நிற்கிறார். "நேற்று வானொலியில் உன்னைப் பற்றிச் சொன்னார்கள். வசந்தத்தில் வரப்போகிற புத்தகங்களில் தேவகுல, தேவகுலா, அது என் வாயில் நிற்கிறதில்லை, போகட்டும், அந்தப் புத்தகம் முக்கியமாம்." விமர்சகர்கள் முதற்பெயர் சொல்வதில்லை, பின்னுக்கு இருப்பதைத்தான் சொல்வார்கள். தேவகுலசிங்கம் பெண்களின் மௌனத்தை நுட்பமாக அறிந்திருக்கிறார், என்று ஒருமுறை வந்தது. தேவகுலசிங்கத்தின் சமையலறைக் காட்சிகள் மறக்க முடியாதவை, என்று இன்னொருமுறை. வாசித்துவிட்டு நான் தனியே சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறியது, தேவகுலசிங்கத்துக்குச் சமையலறையில் கோப்பை எங்கே இருக்கிறதென்று தெரியாது. ஒஸ்லோவில் கோயில் திருவிழாவில் சனம் அவருக்குக் கைகொடுத்து, உங்கட பேர் பேப்பரில வந்திருக்கு அண்ணை, என்கிறதாம். வாங்கிக்கொள்கிறாராம். வாங்கட்டும், கோபமில்லை என்று முன்பெல்லாம் சொல்வேன். கோபம் இருக்கிறது. இப்போது சவலைக் குத்துகிற குத்தில் தெரிகிறது எவ்வளவு இருக்கிறதென்று.

தோள் மீன்வெட்டின தோள். பதினொரு வருடம். கொட் மீன் ஓடும் பட்டியில் பெட்டி பெட்டியாக வரும், கத்தியை வைத்து இழுக்க வேண்டும், முள்ளை எடுக்க வேண்டும், தள்ள வேண்டும், கையில் இரண்டு அடுக்குக் கையுறை, எழுத முடியாது. அதனால் தலைக்குள் எழுதினேன். ஒரு பெட்டி மீனுக்கு ஒரு வரி. அந்த வரி சரிவந்தால்தான் அடுத்த பெட்டிக்கு அடுத்த வரி, சரிவராவிட்டால் அதையே திருப்பி, மீன் நின்றாலும் வரி நிற்காது, இடைவேளைக்கு மணி அடிக்கும்போது எட்டு வரி இருக்கும், கழிவறைக்கு ஓடி, மீன் நிறை எழுதுகிற மஞ்சள் கடதாசித் துண்டில் எழுதி, பிறகு வீட்டில் கொப்பியில். தமிழில்தான். நாற்பத்தொரு கவிதை. நீலக் கொப்பி, ஒற்றை ரூள். தொண்ணூறாம் ஆண்டு தை மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் ஆட்கள் எட்டுப் பத்துப் பேர் ஒரு வீட்டில் கூடி ஆட்டுக்கறி சமைத்தோம், என் பையில் இருந்த கொப்பியை யாரோ எடுத்து வாசித்துவிட்டார்கள். ஒரு கவிதை, நித்திரை வராத பெண்சாதி பக்கத்தில் கிடக்கிறவனின் மூச்சுகளை எண்ணுவது. அதில் ஒன்றுமில்லை. எண்ணூற்றிப் பன்னிரண்டாவது மூச்சில் அவள் எழும்பித் தண்ணீர் குடிப்பாள், அவ்வளவுதான். சிரித்தார்கள். சிங்கம் அண்ணையின்ர மூச்சை எண்ணுறாவாம். அவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு, விறகடுப்பின் கதவைத் திறந்து கொப்பியை உள்ளே வைத்தார். எறியவில்லை, வைத்தார், ஒரு விறகை வைப்பதுபோல. அடிக்கவில்லை, ஏசவில்லை. வெளியே மைனஸ் இருபத்திரண்டு. கொப்பி நன்றாகத் தீப்பிடித்தது. அரை மணி நேரம் வீடு நல்ல சூடாக இருந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு எப்போதும் எழுத்து நின்றுவிடும். எட்டுப் புத்தகத்தில் இந்த இடத்துக்குப் பக்கத்தால் போய்த் திரும்பி வந்திருக்கிறேன். மற்ற எல்லாவற்றையும் எழுதிவிடலாம், அவரை எழுதலாம், அடுப்பை எழுதலாம், அடுத்து வருவதை எழுத வராது. என்னவென்றால் நானும் கையை நீட்டினேன். கதவு திறந்திருந்தது, சூடு வந்தது, நான் பக்கத்தில் போய் இரண்டு கையையும் நீட்டிச் சூடு காட்டினேன். என் நாற்பத்தொரு கவிதையில் நான் குளிர்காய்ந்தேன். விரல்கள் இளகினபோது சுகமாக இருந்தது, அதுதான் வெட்கம். முப்பத்துநாலு வருடம் கழித்து ஒன்பதாவது புத்தகத்தில் எழுதிவிட்டேன், நூற்று நாற்பத்தெட்டாம் பக்கம், நாலே வரி. இங்வில் ஒரு சொல்லையும் வெட்டவில்லை. அந்தப் பக்கம் வெளியே வரும்போது முகப்பில் அடுப்பு மூட்டினவரின் பெயர் இருக்க முடியாது. இவ்வளவுதான் விஷயம், இதற்கு ஏன் காலையிலிருந்து சுற்றுகிறேன். ஆரணியால் சுற்றுகிறேன். அவளுக்கு இந்தக் கதை தெரியாது, அடுப்புக்கு ஒரு வருடம் கழித்துப் பிறந்தவள், அப்பாமேல் உயிர், அவளுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. புத்தகத்தில் வாசித்துத் தெரியட்டும் என்று கோழை மாதிரி விட்டுவைத்திருக்கிறேன்.

குத்து, தூக்கு, எறி. பாதி தூரம் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு தமிழில் எழுதவில்லை. மாலை வகுப்பில் நோர்வே மொழி படித்தேன், அகராதியை வைத்து எழுதினேன், அவருக்கு நோர்வே மொழியில் ரொட்டி, மீன், சம்பளம், வரி தவிர ஒன்றும் ஓடாது, அதனால் கொப்பியைச் சாப்பாட்டு மேசையிலேயே திறந்து வைக்கலாம். முதல் கவிதை உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது, மூன்று வருடத்தில் புத்தகம். வேற்று மொழியில் எழுதுவது எவ்வளவு துணிச்சல் என்று பேட்டிகளில் கேட்டார்கள், எவ்வளவு துணிச்சல், ஒளிக்க இடம் தேடினவளிடம் கேட்கிற கேள்வி. ஒளித்துக்கொண்ட வீட்டின் வாசலில் அவர் பெயரை நானே எழுதி மாட்டினேன், அது அப்போது உறைக்கவில்லை. இரண்டாயிரத்து ஐந்தில் பிரிந்தோம். அப்போது எடுத்திருக்கலாம். நாலு புத்தகம் வந்துவிட்டது, நூலகங்களில் அந்த எழுத்தில் அடுக்கியாயிற்று, வாசகர் தேடுவார்கள், பள்ளிப் பாடத்தில் ஒரு கவிதை ஏறியிருந்தது. நாளைக்குப் பார்ப்போம் என்றேன். நாளைக்கு நாளைக்கு என்று பத்தொன்பது வருடம். இப்போது இங்வில் சொல்கிறாள், விட்டுவிடு, அந்த முரண்தான் அழகு, எரித்தவனின் பெயரிலேயே எரிந்த கதை வருகிறது, விமர்சகர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அழகாம். அவளுக்கு அது அழகு, எனக்கு அது தினமும் முதுகில் ஏறி இருக்கிற ஆள். சரி, அப்படியென்றால் உன் அப்பாவின் பெயரைப் போடலாமே, என்றாள். இளையதம்பி. நல்ல மனுசன், என்னை அடித்ததில்லை, பத்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தினார். ஒரு வீட்டிலிருந்து சாமான் ஏற்றி இன்னொரு ஆளின் வீட்டில் இறக்கவோ. அம்மா தன் பெயரை எழுதத் தெரியாமலே போய்விட்டா, அவ பெயரை நான் எடுத்து என்ன செய்ய.

பனிவழிக்கும் லொறி வருகிறது. மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு தெருவைத் துடைத்து, துடைத்ததையெல்லாம் நான் இப்போதுதான் திறந்துவிட்ட வாசலுக்குக் குறுக்கே இடுப்பு உயரத்துக்குக் குவித்துவிட்டுப் போகிறது. ஓட்டுநர் கை வேறு காட்டுகிறான். ஒவ்வொரு மாரிக்கும் இதே கூத்து, நானும் கை காட்டுகிறேன். அர்னே தன் வாசலில் நின்று பார்க்கிறார், கேட்கவில்லை, கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியும். அறுபத்தொரு வயதில் பயமில்லை என்று சொன்னால் பொய். தனியே ஒரு பெயரோடு போய் நின்றால் யாரும் என்னைத் தேட மாட்டார்கள் என்று பயம். புதிதாக எழுத வந்தவள் என்று நினைப்பார்கள். ஆரணி பேசாமல் விட்டுவிடுவாள் என்று பயம், மற்றப் பயமெல்லாம் அதற்குப் பிறகுதான். பயந்துகொண்டே செய்யலாம், பயம் போகும்வரை இருந்தால் இன்னும் பத்தொன்பது வருடம் போகும். குவியலின் நுனியில் சவலை வைத்து மிதித்தபோது சட்டைப்பைக்குள் ஃபோன் அதிர்ந்தது, ஒன்பது நாற்பது, ஆரணி.

"அம்மா, எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கொப்பி. அடுப்பு. எல்லாம் தெரியும். நான் யுனிவர்சிட்டியில இருக்கேக்க அப்பா சொன்னவர். அழுதவர்." சவலைப் பனியில் குத்தி அதன் பிடியைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு காலம் நான் இவளிடம் ஒளித்தேன், இவள் என்னிடம் ஒளித்திருக்கிறாள். "ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?" "என்னெண்டு சொல்ல? உங்களுக்குள்ள அது முடிஞ்சுது எண்டு நினைச்சன். அம்மா, அவருக்கு உங்கட புத்தகம் வாசிக்கத் தெரியாது. ஆனா ஒவ்வொண்டும் வெளியில வரேக்க போய் வாங்குவார். அட்டையைப் பாப்பார். தன்ர பேர் இருக்கோ எண்டு பாப்பார். இருந்தா, கொம்மா என்னை மன்னிச்சுப் போட்டா எண்டு எனக்கு ஃபோன் எடுத்துச் சொல்லுவார். பிரிஞ்ச பிறகும் வச்சிருக்கிறா எண்டால் மன்னிச்சிட்டாதானே எண்டுவார்." அவள் குரல் நனைந்திருந்தது. பின்னால் யாரோ குழாய் திறந்து மூடுவது கேட்டது. "உனக்கும் அப்பிடித்தான் பட்டதோ?" "ஓம். இல்லாட்டி ஏன் வச்சிருப்பியள்?" சோம்பலில் வைத்திருந்தேன், பயத்தில் வைத்திருந்தேன், நூலக அடுக்குக்காக வைத்திருந்தேன், அதை ஒரு மனுசன் எட்டுத் தடவை கடைக்குப் போய் மன்னிப்பு என்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். பாவமாகத்தான் இருந்தது. "நீங்களும் அடுப்பில கை காட்டினியளாம்," என்றாள் மெல்ல. "அதால அப்பாவுக்கு, தான் செய்தது பெரிய பிழை எண்டு அப்ப தெரியேல்லையாம்."

"குளிர், ஆரணி. மைனஸ் இருபத்திரண்டு. அதால காட்டினன்." சொன்னபிறகு நெஞ்சு இலேசானது. இவ்வளவு சின்ன வசனத்தை எனக்கு நானே சொல்ல இத்தனை வருடமா. "கேள் பிள்ளை. நான் மன்னிக்கேல்லை. அவருக்குக் கெடுதல் நினைக்கேல்லை, சுகமா இருக்கட்டும், நீ அவரை நல்லாப் பார். ஆனா மன்னிச்சன் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை. நான் சொல்லாததை என்ர புத்தகம் எட்டுத் தரம் சொல்லிப் போட்டுது. ஒன்பதாம் தரம் சொல்ல விடமாட்டன்." "எனக்கும் அதுதானே அம்மா பேர்." "உனக்கு அவர் அப்பா. உனக்கு அது சொந்தம், நீ அதோட இரு. எனக்கு அவர் அப்பா இல்லை." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது, சின்னதில் பனியில் விழுந்து எழும்பி அழாமல் நிற்பாளே, அந்த உறிஞ்சல். "அப்பாவுக்கு நான் சொல்லட்டோ?" "வேண்டாம். பின்னேரம் நானே எடுத்துச் சொல்லுறன். என்ர வாயால கேக்கட்டும்." "சரி," என்றாள். பிறகு, "அடுத்த ஆள் வந்திட்டார் அம்மா. எனக்கு ஒரு புத்தகம் எடுத்து வையுங்கோ. எந்தப் பக்கம் எண்டு சொல்லாதேங்கோ, நானே வாசிக்கிறன்." வைத்துவிட்டாள். கண் நிறைந்து, அந்தக் குளிரில் இமையில் கரகரத்தது. கையுறையால் துடைத்தேன்.

சரியாகப் பத்துக்கு இங்வில் எடுத்தபோது நான் குவியலின் நடுவில் ஆள் போகிற அளவுக்கு வெட்டியிருந்தேன். "சொல்," என்றாள். "பவளராணி," என்றேன். "அதற்குப் பிறகு?" "அதற்குப் பிறகு ஒன்றுமில்லை." "யோசித்துத்தானே சொல்கிறாய்? நூலகத்தில் அடுக்கு மாறும். கடையில் புதிதாக வந்தவள் என்று நினைப்பார்கள். உன் பழைய வாசகர்கள்..." "நினைக்கட்டும். உள்ளே ஒன்பதாவது புத்தகம் என்று போடு. முந்தின எட்டையும் வரிசையாகப் போடு, அதெல்லாம் நான்தான் எழுதினேன்." அவள் எழுதிக்கொள்வது கேட்டது. இருபத்தெட்டு வருடத்தில் என்னோடு அவள் இவ்வளவு கெதியாக ஒத்துப்போனதில்லை. "ஒரேயொரு சிக்கல்," என்றாள். "அட்டை வரைந்த பிள்ளை இரண்டு வரிப் பெயருக்கு இடம் விட்டு வரைந்திருக்கிறாள். ஒரு வரியை எடுத்தால் கீழே வெறுமையாகக் கிடக்கும், இன்றைக்கு மாற்றி வரைய நேரமில்லை. அந்த இடத்துக்கு என்ன செய்ய?"

"என் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்," என்றேன்.